பரண்ல கிடந்த ரிமோட் விமானம்: கோத்தகிரிப் பக்கம் எங்க, எப்படிப் பறக்கவிடுறது?

தபால்பெட்டி (கேள்வி):

வணக்கம். கோத்தகிரியில இருந்து உள்ள தள்ளி ஒரு ஹட்டியில (படுகர் கிராமம்) இருக்கேன். கிளை அஞ்சலகத்துல வேலை. வயசு 46. பையன் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கும்போது காலேஜ் போட்டிக்குன்னு ஒரு விமானம் செஞ்சான். இப்ப புனேயில வேலை. விமானம் மட்டும் மூணு வருஷமா எங்க வீட்டுப் பரண்ல கிடக்கு. "தூக்கிப் போடும்மா, அது எதுக்கு"ன்னுட்டான். போன வாரம் ஒட்டடை அடிக்கும்போது எடுத்துத் துடைச்சேன். தூக்கிப் போட மனசு வரல. ஒரு தடவையாவது பறக்கவிட்டுப் பார்க்கணும்னு ஆசை வந்துடுச்சு. சிரிக்காதீங்க.

கையில இருக்கிறதைச் சொல்றேன். இறக்கை நாலு அடி நீளம், உடம்புக்கு மேல உட்கார்ந்திருக்கு, நுனி ரெண்டும் மேல வளைஞ்சிருக்கு. எல்லாம் வெள்ளை ஃபோம் போர்டு, ரெண்டு பக்கமும் பேப்பர் ஒட்டினது. மூக்குல மோட்டார், அதுல 2212, 1000ன்னு எழுதியிருக்கு. காத்தாடியில 9x4.7. வால்ல மட்டும்தான் அசையுற மடல் இருக்கு, இறக்கையில ஒண்ணும் இல்ல. ரெண்டு குச்சி வச்ச ரிமோட். அப்புறம் மஞ்சள் பிளக் வச்ச ஒரு பேட்டரி. அது பூரி மாதிரி உப்பியிருக்கு.

நேத்து சாயங்காலம் வாசல்ல நின்னு மோட்டார் இல்லாம சும்மா கையால வீசிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போச்சு, மூக்கைத் தூக்குச்சு, அப்படியே அந்தரத்துல நின்னுச்சு, அப்புறம் வால் பக்கமா சரிஞ்சு பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் மேல விழுந்துச்சு. விமானத்துக்கு ஒண்ணும் ஆகல. ஒரு கோஸ் போச்சு, அதுக்குக் காசு கொடுத்துட்டேன்.

இந்த வயசுல கத்துக்க முடியுமா? இங்க சமமா இருக்கிற இடம்னா ஸ்கூல் கிரவுண்ட் ஒண்ணுதான், சுத்தி கற்பூர மரம். மத்ததெல்லாம் சரிவு, டீ. அங்க விடலாமா? போலீஸ் ஏதாவது கேட்பாங்களா? அந்தப் பேட்டரிக்கு சார்ஜ் போடலாமா?


டெல்டாவிங்_கோவை:

அக்கா செம! கண்டிப்பா முடியும். பேட்டரி லேசா உப்பினா ஒண்ணும் ஆகாது, ரெண்டு மூணு தடவை ஓடும். கிரவுண்ட் போதும், ஃபுல் த்ராட்டில் கொடுத்து மேல பார்த்து வீசுங்க, தானா ஏறிடும். நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன். முடிஞ்சா இறக்கையில எய்லரான் (பக்கவாட்டுல சாய்க்கிற மடல்) வெட்டிடுங்க, அப்பத்தான் ரோல் அடிக்க முடியும்.


காயில்_கடை:

தம்பி சொன்னதுல "கண்டிப்பா முடியும்"ங்கிறதை மட்டும் எடுத்துக்கம்மா. மத்ததெல்லாம் விட்டுடு.

நான் குன்னூர்ல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். எஸ்டேட் பம்பு, டீ ஃபேக்டரி ஃபேன் எல்லாம் என்கிட்டதான் வரும். காலேஜ்ல என்.சி.சி. விமானப் பிரிவுல இருந்தப்ப பிடிச்ச கிறுக்கு இது. அப்ப ரிமோட் எல்லாம் கண்ணால பார்த்ததில்ல. ரெண்டு கம்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நடுவுல நின்னு சுத்தணும், விமானம் நம்மளைச் சுத்தி வட்டம் போடும். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூணும் கலந்த எரிபொருள். இன்னிக்கும் எங்க வீட்டுல யாராவது தலைக்கு விளக்கெண்ணெய் வச்சா எனக்கு அந்த மைதானம்தான் ஞாபகம் வரும். சரி, கதை போதும்.

முதல்ல பேட்டரி. அதைத் தொடாத. சார்ஜரைக் கிட்டயே கொண்டு போகாத. இந்த மாதிரி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல போகக்கூடாது, ஓடும்போது 3.5-க்குக் கீழ இறக்கக்கூடாது, சும்மா வைக்கிறதா இருந்தா 3.8-ல நிறுத்தி வைக்கணும். உன் பையன் அதைப் பார்க்காம போட்டுட்டுப் போயிருக்கான். உள்ள வாயு சேர்ந்துதான் உப்பியிருக்கு. என் கடையில ஒண்ணு இப்படித்தான் சார்ஜ்ல இருக்கும்போது பிடிச்சுது. தீயை விட அந்தப் புகைதான் மோசம், மூணு நாள் கடை திறக்க முடியல, கட்டி முடிச்சு வச்சிருந்த ரெண்டு காயில் கறுத்துப் போச்சு. வீட்டுக்கு வெளிய ஒரு வாளி மணல்ல அதைப் புதைச்சு வை. ஒரு 12 வோல்ட் வண்டி பல்பு ரெண்டு வயரோட மாட்டி, எரிஞ்சு எரிஞ்சு தானா அணையுற வரைக்கும் விடு. அப்புறம் பழைய எலக்ட்ரானிக்ஸ் எடுக்கிறவங்ககிட்ட கொடு, குப்பையில போடாத. புதுசா மூணு செல், 2200 mAh வாங்கு. அதை 2.2 ஆம்பியர்ல சார்ஜ் போடு. சட்டியில வச்சுப் போடு, நீ பக்கத்துலயே இரு, சீரியல் பார்க்கப் போகாத.

இப்ப உன் கோஸ் கதைக்கு வர்றேன். வீசினப்ப பேட்டரியை உள்ள வச்சியா? இல்லேன்னு நினைக்கிறேன். உப்பினதைப் பார்த்துப் பயந்து வெளிய எடுத்து வச்சிருப்ப. அந்தப் பேட்டரி கிட்டத்தட்ட 180 கிராம் இருக்கும், அது உட்காருற இடம் மூக்குப் பக்கம். அது இல்லேன்னா எடை எல்லாம் பின்னால போயிடும். வால் கனமானா விமானம் மூக்கைத் தூக்கும், வேகம் போயிடும், இறக்கை காத்தைப் பிடிக்காம விட்டுடும். நீ எழுதின மாதிரியே அந்தரத்துல நிக்கும், விழும். உன் வீச்சுல குத்தமில்ல.

புதுப் பேட்டரியை வச்சதும், இறக்கையோட முன் விளிம்புல இருந்து அகலத்துல கால் பங்கு தள்ளி ரெண்டு பக்கமும் பேனாவால புள்ளி வை. கோழிக்குஞ்சைத் தூக்குற மாதிரி அந்த ரெண்டு புள்ளியில விரல் நுனி வச்சுத் தூக்கு. சமமா நிக்கணும், இல்ல மூக்கு ஒரு பொட்டு கீழ இருக்கணும். வால் கீழ போனா பேட்டரியை முன்னால தள்ளு. மூக்கு கனமா இருந்தா விமானம் மோசமா பறக்கும், வால் கனமா இருந்தா ஒரே ஒரு தடவைதான் பறக்கும்னு மைதானத்துல பழைய ஆளுங்க சொல்வாங்க.

அடுத்தது நம்ம மலைக்காத்து. கோவைக்காரங்க சொல்ற கணக்கு இங்க ஒத்து வராது. இங்க பருப்பு வேக நேரமாகுதுல்ல, அதே சங்கதிதான். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். கடல் மட்டத்துல இருக்கிற காத்து அடர்த்தியில 84 சதவீதம்தான் இங்க. ஊட்டி போனா 80. அப்ப ரெண்டு விஷயம் மாறும். ஒண்ணு, விமானம் விழாம மிதக்கக் குறைஞ்சபட்ச வேகம் கூடுதலா வேணும். கீழ மணிக்கு 25 கிலோமீட்டர்ல மிதக்கிறது ஊட்டியில 28-க்குக் குறையாம போகணும். அதனால இறங்கும்போது ரொம்ப மெதுவாக்கப் பார்க்காத. ரெண்டாவது, காத்தாடி அதே சுத்து சுத்தினாலும் இழுப்பு அதே விகிதத்துல குறையும். உன் மோட்டாருக்கு 9 இஞ்சை எடுத்துட்டு 10x4.5 போடு. மெல்லிய காத்துல மோட்டார் எடுக்கிற ஆம்பியரும் குறையுறதால தாங்கும். ஒரு நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பார். விரல் வைக்க முடியலேன்னா பழையதையே மாட்டு.

இடம்தான் பெரிய கேள்வி. ஸ்கூல் கிரவுண்டை மறந்துடு. கோல் போஸ்ட், பசங்க, சுத்தி மரம். கத்துக்கிற விமானத்துக்கு மரம்னா ஒரு தனிப் பாசம், எங்க விட்டாலும் அதைத்தான் தேடிப் போகும். சரிவைப் பார்த்தும் ஏமாந்துடாத. மேட்டுக்கு முன்னால, காத்து அடிக்கிற பக்கம், காத்து மேல ஏறும், நல்லது. மேட்டுக்குப் பின்னால அதே காத்து மடிஞ்சு சுருளும். ஆத்துல பாறைக்குப் பின்னாடி தண்ணி சுழிக்கிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அதுல மூணு விமானம் போயிருக்கு. கடைசியா போனது மஞ்சள் கலர், என் மகள் பெயிண்ட் அடிச்சது. மேட்டைத் தாண்டி ஒரு பத்தடிதான் போச்சு, மேல இருந்து யாரோ கையால தட்டின மாதிரி குப்புற விழுந்துச்சு. ரெண்டு நாள் தேடினேன். டீச்செடிக்குள்ள விழுந்தா மேல இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாதும்மா, பச்சை மூடிக்கும். எட்டு மாசம் கழிச்சு கவாத்து வெட்டும்போது கிடைச்சுதுன்னு எஸ்டேட் அம்மாக்கள் கடையில கொண்டு வந்து கொடுத்தாங்க. இறக்கைக்குள்ள எறும்புப் புத்து. மோட்டாரைக் கழுவி எண்ணெய் போட்டேன், இன்னிக்கும் ஓடுது.

அதனால தட்டையா, மரமில்லாம, காலியா கிடக்கிற காய்கறி நிலம் பார். கேரட் பிடுங்கின நிலம் கிடைச்சா அதை விட மெத்தை கிடையாது.

சட்டம்: 2021 ட்ரோன் விதிகள்தான் இதுக்கும். பொழுதுபோக்குக்கு, கண்ணுக்குத் தெரியுற தூரத்துக்குள்ள பறக்குற 25 கிலோ வரைக்குமான மாடல் விமானம்னு தனியா சொல்லியிருக்காங்க. பச்சை மண்டலத்துல 120 மீட்டர் உயரம் வரைக்கும்தான். அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்துல உன் இடம் என்ன கலர்னு பார்த்துடு. சிவப்புன்னா பேச்சே இல்ல. நான் குன்னூர்ல வீட்டுப் பக்கம் விடுறதே இல்ல. வெலிங்டன் ராணுவம், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை ரெண்டும் பக்கத்துல. பெட்டியைத் தூக்கிக்கிட்டு கோத்தகிரி ரோட்டுல தள்ளி வந்துதான் விடுறேன். காட்டு எல்லைப் பக்கமும் போகாத, வனத்துறைக்குப் பதில் சொல்லணும். உன் ஊர் ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லி வை. தபால்காரம்மான்னா எல்லாருக்கும் தெரியும்தானே.


பூண்டுக்காரன்:

நான் பழனி மலை, பூம்பாறை. மோட்டார் இல்லாத கிளைடர்தான் விடுவேன். எங்க படிக்கட்டு நிலத்து விளிம்புல நின்னு எதிர்காத்துல வீசினா போதும், காத்து இருக்கிற வரைக்கும் மேலயே நிக்கும். நாப்பது நிமிஷம் நின்னிருக்கு, பேட்டரி ரிசீவருக்கு (ரிமோட் சிக்னலை வாங்குற பெட்டி) மட்டும்தான். ஆனா அக்கா இப்பவே இதுக்கு வர வேண்டாம். சரிவுல நம்ம கால் மட்டத்துக்குக் கீழ போயிட்டா விமானத்தோட முதுகுதான் தெரியும், எந்தப் பக்கம் சாயுதுன்னு புரியாது.

பறக்கவிடுறதுக்கு முன்னால போன்ல விமானம் ஓட்டிப் பழகுற பிக்காசிம்னு ஒரு ஆப் இருக்கு, காசில்லாம கிடைக்கும். அதுல ஒரு பத்து மணி நேரம் விழுந்து எழுந்திருங்க. அங்க உடைஞ்சா செலவில்ல.

மார்கழி, தை மாசக் குளிர்ல பேட்டரியை சட்டைக்குள்ள வச்சுக் கொண்டு போங்க. குளிர்ந்த பேட்டரி அளந்தா ஃபுல்னு காட்டும், த்ராட்டில் கொடுத்ததும் படுத்துடும். கழுகு, பருந்து வந்தா சண்டைக்கு நிக்காம இறக்கிடுங்க. என்னோடதுல நகம் பட்ட ஓட்டை இன்னும் இருக்கு.


தபால்பெட்டி:

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பேட்டரியை ஜன்னல்ல எடுத்து வச்சுட்டுத்தான் வீசினேன். இப்ப அது மணல் வாளியில இருக்கு. வீட்டுக்காரர் அதைப் பார்த்து "பாம் புதைச்சு வச்சிருக்கியா"ங்கிறார்.

புது பேட்டரி, 10 இஞ்ச் காத்தாடி வந்தாச்சு. என் ஆபீஸுக்கே பார்சல்ல வந்துச்சு, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன். கொழுந்தனார் கேரட் எடுத்த நிலத்தைக் கொடுத்திருக்கார். வரைபடத்துல பச்சை. ஸ்டேஷன்லயும் சொல்லிட்டேன், எஸ்.ஐ. "நாங்களும் வந்து பார்க்கலாமா"ன்னார்.

போன்ல தினம் ஒரு மணி நேரம் விடுறேன். அதுல ஒரு சிக்கல். விமானம் என்னைப் பார்த்து வரும்போது இடது வலது மாறிடுது. ஒவ்வொரு தடவையும் அங்கதான் விழுறேன். இன்னொண்ணு, வேலை நாள்ல எனக்கு மதியத்துக்கு மேலதான் நேரம். அப்ப மூடுபனி வந்துடும். லேசான பனியில விடலாமா?


காயில்_கடை:

பனியில விடாத. ரெண்டு காரணம். நாலடி இறக்கை நூறு மீட்டர் தள்ளிப் போனா வெள்ளையில வெள்ளையா கரைஞ்சுடும். காணாம போன பிறகு ரிமோட்டை ஆட்டி என்ன பிரயோசனம். இன்னொண்ணு, உன்னோடது பேப்பர் ஒட்டின போர்டு. பேப்பர் ஈரம் குடிச்சா ஊதிக்கிட்டு வளையும், வளைஞ்ச இறக்கை ஒரு பக்கமா இழுக்கும். மூணு வருஷம் பரண்ல, அதுவும் நம்ம ஊர் ஈரத்துல இருந்திருக்கு. இப்பவே இறக்கையை வாசப்படி மட்டத்துக்குக் கண்ணு வச்சுப் பார், முறுக்கிக்கிட்டிருக்கான்னு. முறுக்கு இருந்தா லேசா ஆவி காட்டி எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடி. அப்புறம் முழுக்க ட்ரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டிடு. சூப்பர் க்ளூ எங்கயும் வைக்காத, பேப்பருக்கு உள்ள இருக்கிற ஃபோமைத் தின்னுடும். க்ளூ கன் போதும்.

ஞாயித்துக்கிழமை காலையில வா. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த காத்து சரிவுல கீழ வழிஞ்சுக்கிட்டே இருக்கும். வெயில் நல்லா ஏறினதும் திரும்பி மேல ஏற ஆரம்பிக்கும். நடுவுல ஒரு நேரம், ஏழுல இருந்து எட்டரைக்குள்ள, ரெண்டும் இல்லாம காத்து சும்மா நிக்கும். சமையல் புகை நேரா மேல போறது தெரியும். அதுதான் உன் நேரம். குச்சி நுனியில கம்பளி நூல் ஒண்ணு கட்டி நட்டு வை. நூல் படுத்துக்கிட்டா விமானத்தை மூட்டை கட்டிடு.

இடது வலது குழப்பத்துக்கு ஒரே வழிதான். உன்னைப் பார்த்து வரும்போது எந்த இறக்கை கீழ தொங்குதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. தொங்குற இறக்கைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி நினைச்சுக்கோ. வாழைத்தாருக்குக் கொடுப்போம்ல, அதே. யோசிக்காம கை போற வரைக்கும் போன்லயே பழகு.

உன் விமானத்துல எய்லரான் இல்லாதது நல்லது. நுனி வளைஞ்ச இறக்கை குச்சியை விட்டா தானா நிமிரும். அந்தத் தம்பி சொன்னான்னு கத்தியை எடுத்துடாத.

கிளம்புறதுக்கு முன்னால: முதல்ல ரிமோட்டை ஆன் பண்ணு, அப்புறம் விமானத்துல பேட்டரி மாட்டு. கழட்டும்போது தலைகீழ். குச்சியை வலது தள்ளினா வால் மடல் வலது போகுதான்னு பின்னால நின்னு பார். சர்வோவை (மடலை அசைக்கிற குட்டி மோட்டார்) கழட்டி மாட்டினவங்க பாதிப் பேர் இதைத் திருப்பி மாட்டியிருப்பாங்க. ரிமோட்டை ஆஃப் பண்ணினா மோட்டார் நிக்குதான்னும் பார், காத்தாடியைக் கழட்டி வச்சுட்டு. வீசுறதுக்கு இன்னொரு ஆளைக் கூப்பிடு. எதிர்காத்துல, முக்கால் த்ராட்டில்ல, அடிவானம் பார்த்து சமமா வீசச் சொல்லு. மேல பார்த்து வீசினா மறுபடியும் கோஸ்தான்.


டெல்டாவிங்_கோவை:

அண்ணா, ஏத்துக்கிறேன். நானும் போன மாசம் ஒரு உப்பின பேட்டரியைத் தூக்கிப் போட்டேன், இங்க சொல்லல.


தபால்பெட்டி:

நேத்து ஞாயித்துக்கிழமை விட்டாச்சு!

ஏழு மணிக்கே போயிட்டோம். போனா நிலத்துக்கு நடுவுல காட்டெருமை ஒண்ணு நிக்குது. அது பாட்டுக்கு நின்னு எங்களைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. நாங்க வேலி ஓரமா அரை மணி நேரம் பேட்டரியை ஸ்வெட்டருக்குள்ள வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அது டீக்குள்ள இறங்கின பிறகுதான் ஆரம்பம். வேடிக்கை பார்க்க அதுக்குள்ள பத்துப் பன்னிரண்டு பசங்க சேர்ந்துட்டாங்க, எல்லாரையும் எனக்குப் பின்னால நிக்க வச்சேன்.

கொழுந்தனார் வீசினார். முதல் தடவை ஒன்பது நொடி, பசங்க எண்ணினாங்க. மண்ணுல மூக்கு குத்துச்சு, உடையல. ரெண்டாவது தடவை ஏறிடுச்சு. நான் பயத்துல த்ராட்டிலைக் குறைக்கவே இல்ல, அது பாட்டுக்கு மேல போய்க்கிட்டே இருக்கு. அப்புறம் மெதுவா திருப்பினேன். திருப்பினதும் என்னைப் பார்த்து வந்துச்சு, இடது இறக்கை தொங்குச்சு, வாழைத்தார்னு சத்தமாவே சொல்லிட்டுக் குச்சியை இடது தள்ளினேன். நிமிர்ந்துடுச்சு அண்ணா. நாலு வட்டம் போட்டேன். கை நடுங்கின நடுக்கத்துல இறக்குறது சரியா வரல, வரப்புல தட்டி வால் கிழிஞ்சு தொங்குது. மொத்தம் மூணு நிமிஷம் இருக்கும்.

ராத்திரி பையனுக்கு வீடியோ அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்ல. அப்புறம், "வால்ல நான் போட்ட சர்வோ மட்டமானதும்மா, மாத்தணும், வர்ற மாசம் லீவு போட்டு வர்றேன், அதுவரைக்கும் தொடாத"ன்னான். நான் எதுக்குக் காத்திருக்கணும்? வால் ஒட்ட டேப் மட்டும் போதுமா, உள்ள ஏதாவது குச்சி வைக்கணுமா?


காயில்_கடை:

மூங்கில் குச்சி வை. கடையில கபாப் குச்சின்னு விக்கிறதே போதும். கிழிசலுக்குக் குறுக்க ரெண்டு, க்ளூ கன்ல ஒட்டி மேல டேப். நிறைய வைக்காத, வால்ல பத்து கிராம் ஏறினா மறுபடியும் விரல் நுனியில தூக்கிப் பார்க்கணும். சர்வோ 9 கிராம் மெட்டல் கியர் வாங்கு, உன் ஆபீஸுக்கே வரும். அடுத்த ஞாயிறு நானும் வர்றேன், அந்த எருமைகிட்ட சொல்லி வை.